அத்தை கேட்ட சத்தம்

எங்கள் நங்கநல்லூர்வாசிகளிடம் ஒரு விசேஷ சக்தி உண்டு. வாசற்படியில் நின்று இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். மீனம்பாக்கத்திலிருந்து விமானம் ஒன்று பேரிரைச்சலுடன் கிளம்பும். பேச்சு பாதி வார்த்தையில் நின்றுவிடும். இரைச்சல் ஓய்ந்ததும் மீதிப் பாதி வார்த்தை, ஓர் எழுத்துக்கூடச் சிந்தாமல், வெளியே வரும்! இப்படிச் சத்தத்தோடு குடித்தனம் நடத்திப் பழகிய ஊரில், ஒரு மோட்டார் காரின் சின்ன முனகலை யார் லட்சியம் செய்யப் போகிறார்கள்? நான் செய்யவில்லை. என் அத்தை செய்தாள்.

அத்தைக்கு வயது 78. வெள்ளிக்கிழமை தவறாமல் மயிலாப்பூர் கபாலியைத் தரிசிக்க வேண்டும். காலையில் என் 6 வயதுப் பெண்ணைக் கிண்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டு, அத்தையைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, நான் காரியாலயத்துக்குப் போவது ஏற்பாடு. அன்றைக்குப் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் இறங்கி, மறுபக்கத்து மேட்டில் ஏறுவதற்காக ஆக்ஸிலேட்டரை ஓர் அழுத்து அழுத்தினேன்.

"ஏண்டா, வண்டி என்னமோ முணுமுணுக்கறதே?" என்றாள் அத்தை, பின் ஸீட்டிலிருந்து.

"சுரங்கத்துக்குள்ளே எல்லாச் சத்தமும் எதிரொலிக்கும், அத்தை" என்றேன். காலேஜில் பௌதிகம் படித்தவன் அல்லவா? அதோடு நிற்காமல், ரேடியோவைச் சற்று உரக்க வைத்தேன். சத்தம் போய்விட்டது. அதாவது, என் காதுக்குப் போய்விட்டது.

பள்ளிக்கூட வாசலில் குழந்தை இறங்கும்போது, "அப்பா, தலையை வலிக்கிறது" என்றாள். இது பதினைந்து நாட்களாகவே நடக்கிற நாடகம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் உபாயம் என்று நான் தீர்மானித்திருந்தேன். கண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று என் மனைவி தீர்மானித்திருந்தாள். சனி, ஞாயிறுகளில் அந்தத் தலைவலி வருவதில்லை என்பதால் என் கட்சிக்கே பலம் அதிகம்.

அத்தை லேசில் விடுகிறவள் அல்ல. அவளுக்குக் கார் ஞானம் வந்த கதை வேறு. அத்திம்பேர் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தார். 1961-ம் வருஷம் முதல் நம் சென்னையிலேயே தயாரான கார் அது. வண்டலூர்ப் பக்கம் இருந்த அந்தத் தொழிற்சாலை மூடிப் பல வருஷங்களாகிவிட்டன. ஹெரால்டின் பானட்டைத் தூக்கினால் முன்பக்கத்து மட்கார்டுகளும் சேர்ந்து, முதலை வாயைத் திறந்தாற்போல் முன்னால் சாயும். எஞ்சின் முழுவதும் கண்ணெதிரே நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்திம்பேர் அதற்குள் தலையை விட்டுக்கொண்டு, "இப்போ மிதி, இப்போ விடு" என்று உத்தரவு போடுவார். அத்தை உள்ளே உட்கார்ந்து மிதிப்பாள். அப்படி வந்த காது அது.

அத்தையின் வற்புறுத்தலுக்காக மறுநாள் ஒரு பெரிய வொர்க்ஷாப்புக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரைக் காரில் செருகிப் பார்த்தார்கள். குற்றம் குறை ஒன்றும் பதிவாகவில்லை. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் சத்தமும் எங்கேயோ ஒளிந்துகொண்டுவிட்டது. சத்தம் வரவில்லை; பில் மட்டும் வந்தது.

"அவாகிட்டே நீ என்ன சொன்னே?" என்று கேட்டாள் அத்தை.

"ஏதோ சத்தம் வருகிறது என்று சொன்னேன்."

"வயத்தை வலிக்கறதுன்னு மட்டும் சொன்னா டாக்டர் மருந்து குடுத்துடுவாரோ? எப்போ வலிக்கறது, எங்கே வலிக்கறது, என்ன சாப்பிட்டா நிக்கறதுன்னு சொல்ல வேண்டாமோ? நான் சொல்றேன், எழுதிக்கோ. மெதுவாப் போனா வரலே. மேடு ஏற அழுத்தி மிதிச்சா வரது. கார்த்தாலே மட்டும்தான். கத்திப்பாரா தாண்டினப்புறம் காணோம். பழைய தையல் மெஷினை வேகமா மிதிச்சா ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி!"

இதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, ஆலந்தூர்ப் பக்கம் கீற்றுக்கொட்டகையில் தொழில் செய்யும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. காகிதத்தைப் படித்துவிட்டு, "இதை எழுதினது யார், சார்?" என்றார். பிறகு, "ராத்திரி வண்டி இங்கேயே நிற்கட்டும். காலையிலே ஆறின எஞ்சினை நானே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன்" என்றார்.

அழுத்தி மிதிக்கும்போது மட்டும் ஏன் சத்தம் வர வேண்டும்? அவர் சொன்னதை நமது சமையலறைப் பாஷையில் சொல்கிறேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் அதிகமாகப் போகின்றன; உள்ளே அழுத்தம் ஏறுகிறது; எரிந்த புகையும் அதிக வேகத்தோடு வெளியே பாய்கிறது; எஞ்சினே தன் இருக்கையில் சற்று முறுக்கிக்கொள்கிறது. சும்மா இருக்கும்போது சாதுவாக இருக்கும் பலவீனமெல்லாம் அப்போதுதான் வாய் திறக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் உண்டு.

தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கினாற்போல் இருந்தால், பெரும்பாலும் புகைக்குழாயின் சூட்டைத் தடுக்கும் மெல்லிய தகடு கழன்றிருக்கும். செலவு அதிகம் ஆகாது. மிதித்தவுடன் ஒரு 'தொம்', விட்டவுடன் ஒரு 'தொம்' என்றால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் நைந்திருக்கலாம். 'க்ரீச்' என்று கத்தினால் பெல்ட்டைப் பார்க்க வேண்டும்.

காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி 'சடசட' என்றால் அதற்கு நாக்கிங் என்று பெயர். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, திரியில் பிடித்த தீ பரவுவதுபோல ஒழுங்காக எரிய வேண்டும். பெட்ரோல் மட்டமாக இருந்தாலோ, உள்ளே கரி படிந்திருந்தாலோ, எஞ்சின் அதிகமாகச் சூடேறியிருந்தாலோ, தீ வந்து சேருமுன் மிச்சக் கலவை தானாகவே வெடித்துவிடுகிறது. நாளடைவில் இது பிஸ்டனையே தின்றுவிடும்.

இந்தக் கடுகுச் சத்தத்தை அடக்க உலகம் ஒரு காரியம் செய்தது. 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் ஈயக் கலவை ஒன்றைச் சிறிது சேர்த்தால் சத்தம் நின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தார். பிரமாதம் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் அந்த ஈயம் புகையோடு வெளியே வந்து, தெருவில் நடப்பவர்களின் ரத்தத்தில் கலந்தது. குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெரிய நகரங்களில் 1995-ல் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நம் தேசம் முழுவதிலும் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் நின்றது. உலகில் கடைசியாக அதை நிறுத்திய தேசம் அல்ஜீரியா, அது 2021-ல். சத்தத்தை அடக்கியாயிற்று என்ற நிம்மதிக்கு உலகம் கொடுத்த விலை, நூறு வருஷத்து விஷம்! நான் ரேடியோவைத் திருகியதும் அதே ஜாதிக் காரியந்தான் என்று மறுநாள் காலையில் தெரிந்தது.

விடிந்ததும் மெக்கானிக் எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை டாக்டர் மார்பைச் சோதிப்பதுபோல அங்குமிங்கும் காட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் குழாயைக் கொடுத்தார். சந்தேகமே இல்லை, தையல் மெஷின்! எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் இணைப்பில் ஒரு போல்ட் முறிந்திருந்தது. கேஸ்கெட் கருகிப் போயிருந்தது. இடுக்கைச் சுற்றிக் கரி படிந்து, மை தீட்டினாற்போல் ஒரு கோடு.

"ஆறின எஞ்சினிலே இடுக்கு பெரிசா இருக்கும், சார். சூடேறினா இரும்பு விரிஞ்சு இடுக்கைக் குறைச்சிடும். சத்தம் அடங்கிடும். ஆனா ஓட்டை ஓட்டைதான்" என்றார். பிறகு, "பின்னாலே குழந்தை உட்காருமா?" என்று கேட்டார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. குழந்தையின் தலைவலி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு உண்டு. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பு அணுக்களை, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக இது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல். அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. காரில் இந்த விஷத்தைக் குறைக்கிற கருவி புகைக்குழாயில் சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. அதற்கு முன்பே கசிந்தால் விஷம் அப்படியே வெளியே வரும். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் துவாரம் வழியாக, வெளிக்காற்றோடு சேர்ந்து வண்டிக்குள்ளும் புகலாம். காலை வேளையில் சுரங்கப்பாதைக்கு முன் வண்டிகள் வரிசையாக நிற்க, ஜன்னல்களை ஏற்றிக்கொண்டு நாங்கள் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தோம்!

குழந்தையின் தலைவலிக்கு இதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. டாக்டரும் குழந்தையைப் பார்த்துவிட்டு, இப்போது நிச்சயமாகச் சொல்வதற்கில்லை என்றார். ஆனால் போல்ட்டும் கேஸ்கெட்டும் மாற்றிய பிறகு, பள்ளிக்கூட வாசலில் அந்த நாடகம் நடக்கவில்லை. பொய் சொல்கிறாள் என்று நினைத்தேனே, அதை எந்த மெக்கானிக்கும் சரிசெய்து தர முடியாது.

ஆகையால், சகோதரிகளே, வண்டி ஓட்டுகிறவர் நீங்களானாலும், பக்கத்தில் உட்காருகிறவர் நீங்களானாலும், காதில் புதிய சத்தம் விழுந்தால் ரேடியோவை நிறுத்துங்கள். எப்போது வருகிறது, எங்கிருந்து வருகிறது, எதைப்போல் இருக்கிறது, எப்போது நிற்கிறது என்ற நான்கையும் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். காலையில் மட்டும் வரும் சத்தமானால் வண்டியை முதல்நாள் இரவே விட்டுவிடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட வேண்டாம். காரில் ஏறினால் தலைவலி, இறங்கினால் சுகம் என்று வீட்டில் யாராவது சொன்னால், உடனே வண்டியை நிறுத்தி, எல்லோரும் இறங்கி நல்ல காற்றில் நில்லுங்கள், டாக்டரிடம் போங்கள், வண்டியைப் பழுது பார்க்கும்வரை எடுக்காதீர்கள். சொல்லுகிறவர் 6 வயதானாலும் சரி, 78 வயதானாலும் சரி.

சென்ற வெள்ளிக்கிழமை சுரங்கப்பாதை மேட்டில் ஏறும்போது, அத்தை கண்ணை மூடிக்கொண்டு எதையோ உற்றுக் கேட்டாள். எனக்குத் திக்கென்றது.

"என்ன அத்தை? மறுபடியும் சத்தமா?"

"ஆமாம்" என்றாள் அத்தை. "ஏரோப்ளேன்!"