நம் கையால் ஒரு கணிப்பொறி

பெண்களுக்குக் கணிப்பொறியை இயக்கத் தெரிந்தால் போதும், அதைத் திறந்து பார்க்கும் வேலை ஆண்பிள்ளைகளுக்கு உரியது என்னும் எண்ணம் நம் வீடுகளில் இன்றும் இருந்து வருகிறது. நாம் தட்டச்சு செய்கிறோம், படம் வரைகிறோம், பாடத்திற்கு வேண்டிய நிரல்களை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறோம். ஆனால் பெட்டி நின்றுவிட்டாலோ அண்ணனை அழைக்கிறோம்; அண்ணன் இல்லாத வீடாயின் கடைக்காரரை அழைக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறும் ஒவ்வொரு மாணவியும், ஒருமுறையேனும், உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி ஒரு மேசைக் கணிப்பொறியைப் பூட்டி, அதில் லினக்ஸை நிறுவும் வேலையில் பங்கெடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இது பெண்களுக்குப் புதிய வேலையா என்றால், இல்லை. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்ட எனியாக் என்னும் பெருங்கணிப்பொறிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அக்காலத்தில் நிரல் அமைப்பது என்றால் நாற்காலியில் அமர்ந்து விசைகளைத் தட்டுவதன்று. கம்பிகளைப் பிடுங்கிச் செருகுவதும் திருகிகளைத் திருப்புவதுமே நிரலாக்கம். அவர்களுக்குக் கையேடு எதுவும் கொடுக்கப்படவில்லை. மின்சுற்று வரைபடங்களைப் பார்த்தே பொறியைக் கற்றார்கள். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களுள் எது பழுதானது என்று கண்டுபிடிக்கும் அளவுக்குக் கற்றார்கள். ஆயினும் அறிமுக விழாவின் இரவு விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பு இல்லை!

நம் பள்ளியில் சொல்லத் தகுந்த இன்னொரு பெயரும் உண்டு. அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் என்பவர் 1965ஆம் ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் இத்துறையில் முதன்முதலாக அப்பட்டம் பெற்றோருள் அவரும் ஒருவர். பின்னர் அயோவா மாநிலத்துக் கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்தினார். கன்னியர் மடத்திலிருந்து கணிப்பொறிக் கூடத்திற்குப் போன பாதை ஒன்று அன்றே இருந்திருக்கிறது.

கடைகளில் நிலைமை வேறு. சென்ற ஆண்டு நினைவகம் வாங்க ஒரு கடைக்குச் சென்றிருந்தேன். உடன் வந்த தம்பி எட்டாம் வகுப்பு. எந்தத் தலைமுறை நினைவகம் இந்தப் பலகைக்குப் பொருந்தும் என்று கேட்டது நான். விடையைத் தம்பியின் முகத்தைப் பார்த்தே சொன்னார் கடைக்காரர். அவர் கெட்டவரல்லர்; மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். தம்பிதான் பாவம், ஒன்றும் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

பூட்டுவது அப்படி ஒன்றும் பெரிய வித்தையன்று என்பதைத் தோழியர் அறிய வேண்டும். மதர்போர்டு, பிராசசர், நினைவகம், எஸ்.எஸ்.டி., மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்., இவற்றை அடக்கும் கேபினட் ஆகிய ஆறு உறுப்புகளே முதன்மையானவை. படிப்புக்கும் வீட்டு வேலைக்கும் ஏற்ற எளிய எடுத்துக்காட்டு ஒன்று சொல்வதானால், 2021இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி என்னும் பிராசசரைச் சொல்லலாம். திரைக்குப் படம் அனுப்பும் பகுதி அதனுள்ளேயே இருப்பதால் தனியே கிராபிக்ஸ் அட்டை வாங்க வேண்டியதில்லை. அப்பகுதிக்கான டிரைவர் லினக்ஸின் உள்ளேயே இருப்பதால் அதைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. உடன் 16 ஜிபி நினைவகமும் 500 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது; மலிவான ஒன்று பழுதாகும்போது மற்ற உறுப்புகளையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும்.

உறுப்புகளைச் செய்தவர்களே தவறாகச் செருக முடியாதபடி வடிவமைத்திருக்கிறார்கள். பிராசசரின் ஒரு மூலையில் சிறிய முக்கோணக் குறி இருக்கும். பலகையிலும் அதே குறி. இரண்டையும் நேர்ப்படுத்தி மெல்ல வைத்தால் தானாக அமர்ந்துவிடும், அழுத்தவே கூடாது. இவ்வகைப் பிராசசரின் அடியில் இருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகளுள் ஒன்று வளைந்தாலும் தொல்லைதான். நினைவகத்திற்கு மாறாக நல்ல அழுத்தம் வேண்டும். இரு முனைகளிலும் டக்கென்று ஓசை கேட்கும் வரை அழுத்த வேண்டும். விசிறி பொருத்துமுன் வெப்பப் பசை, அதுவும் ஏற்கெனவே பூசப்படாதிருந்தால், ஒரு பட்டாணி அளவு போதும். பொறுமையைச் சோதிப்பது கேபினட்டின் முகப்பிலிருந்து வரும் மெல்லிய கம்பிகளே. இயக்கும் பொத்தானுக்கு ஒன்று, விளக்குகளுக்கு இரண்டு என்று, எறும்பு எழுத்தில் பெயர் பொறித்து வரும். பூ கட்டிப் பழகிய விரல்களுக்கு இது கடினமாக இராது.

மின்சாரம் தாக்கிவிடுமே என்று அன்னையர் அஞ்சுவது இயல்பு. இயற்பியல் படிப்போர் வீட்டில் இதை எடுத்துச் சொல்லலாம். 230 வோல்ட் மின்சாரம் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மூடிய பெட்டிக்குள் மட்டுமே நுழைகிறது. அதிலிருந்து பலகைக்கு வருவன 12, 5, 3.3 வோல்ட் மட்டுமே. கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு வேலை செய்ய வேண்டும், எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது, ஏனெனில் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். உண்மையில் நம்மால் உறுப்புகளுக்குத்தான் ஆபத்து: நம் உடலில் சேரும் நிலைமின்னூட்டம் அவற்றைக் கெடுத்துவிடலாம். ஆகையால் கேபினட்டின் வெற்று உலோகத்தை அவ்வப்போது தொட்டுக்கொள்வது நல்லது.

ஏன் லினக்ஸ் என்று கேட்கலாம். உறுப்புகளாக வாங்கும் கணிப்பொறியோடு விண்டோஸ் வருவதில்லை. அதன் உரிமத்தைத் தனியே விலைக்கு வாங்க வேண்டும். பலர் என்ன செய்கிறார்கள்? திருட்டுப் பிரதியைப் போட்டுத் தரச் சொல்கிறார்கள். திருட்டுப் பிரதி என்று வாய் சொல்கிறதேயன்றி, அது திருட்டு என்று மனம் எண்ணுவதில்லை. லினக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது; பிறருக்குக் கொடுக்கவும், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கவும், திருத்தவும் அதன் உரிமமே இடம் தருகிறது. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21ஆம் வயதில், புதிதாக வாங்கிய 386 கணிப்பொறியின் போக்கை அறியும் ஆவலில் எழுதத் தொடங்கியது அது. பொழுதுபோக்காகத் தொடங்கிய அவ்வேலைதான் இன்று நம் பெற்றோர் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உட்கருவாக இருக்கிறது. நம் பதினோராம் வகுப்புப் பாடநூலிலும் உபுண்டு லினக்ஸ் பற்றிய பகுதி உண்டு. நீந்தும் முறையைக் கரும்பலகையில் படிப்பது போல அதைப் படித்து முடிக்கிறோம்.

லினக்ஸ் மின்ட் அல்லது டெபியனை ஒரு பென் டிரைவில் எழுதிக்கொண்டால் போதும். மின்ட் போன்றவற்றை நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டி, ஒலி வருகிறதா, வைஃபை இணைகிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா என்று பார்த்துக்கொள்ளவும் முடியும். தமிழ் 99 விசைப்பலகையை அமைத்துக்கொண்டு தமிழிலும் எழுதலாம். நிறுவிய பின் முனையத்தில் எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் சிறு கட்டளையை இட்டால், பலகையோடு இணைந்த உறுப்புகள் பலவும் வரிசையாகத் தம் பெயரைச் சொல்லும். சற்றுமுன் நம் விரல்கள் பொருத்திய எஸ்.எஸ்.டி. அங்கே பெயரோடு நிற்பதைக் காணும் மகிழ்ச்சியை எந்தத் தேர்வு முடிவும் எனக்குத் தந்ததில்லை.

குறைகளை மறைப்பது நியாயமன்று. படம் திருத்தும் போட்டோஷாப் லினக்ஸில் நேரடியாக ஓடாது. வேர்டில் செய்த கோப்பை லிபர் ஆபீசில் திறந்தால் சில வேளை பத்திகள் இடம் மாறி நிற்கும். இணைய விளையாட்டுகள் பல மறுத்துவிடும். இதைக் குறை என்று பெற்றோர் கருதமாட்டார்கள்! தனித்தனியே வாங்கினால் செலவு குறையும் என்றும் உறுதி கூற முடியாது. 2025ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகத்தின் விலை மளமளவென ஏறியதைக் கடைக்குப் போனவர்கள் அறிவார்கள். பணம் மிச்சமாகும் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ஒரு பொருளின் உள்ளே கை வைத்துப் பழகியவளுக்கு அது பழுதாகும்போது அச்சம் வருவதில்லை. எதை மாற்ற வேண்டும், எது வீண் செலவு என்று கடைக்காரரிடம் நிமிர்ந்து கேட்கவும் அவளால் முடியும்.

பள்ளி நிருவாகத்திற்கு ஒரு வேண்டுகோள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. பழைய பிராசசர் கொண்ட கணிப்பொறிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. நம் ஆய்வுக்கூடத்தின் பின்வரிசையில் உறையிட்டு வைத்திருப்பவை அத்தகையவைதாம். அவற்றுள் ஒன்றைப் பதினோராம் வகுப்பு மாணவியர் ஐவரிடம் இரண்டு சனிக்கிழமைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். முதற்கிழமை முழுவதும் பிரித்து, தூசு துடைத்து, மீண்டும் பூட்டட்டும்; அடுத்த கிழமை லினக்ஸை நிறுவட்டும். புதிதாக வாங்க வேண்டியது ஒரு எஸ்.எஸ்.டி.யும் ஒரு குழாய் வெப்பப் பசையும். ஸ்டார் திருப்புளி இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் இழுப்பறையில் இருக்கிறது.