அவிழ்த்தலும் விடுதியும்

ஒரே வினைச்சொல் ‘தங்கு’ என்றும் ‘அழி’ என்றும் பொருள்படுமோ? பழங்கிரேக்கத்தில் ‘கத்தலூஓ’ என்னும் வினை அவ்வாறே பொருள்படும். ‘கத்தா’ என்பது கீழ்நோக்கற் பொருள் தரும் முன்னொட்டு. ‘லூஓ’ என்பது அவிழ்த்தல். கட்டடத்தின் கட்டு அவிழின் அஃது அழிவு. வழிவந்தோன் தன் குதிரையை நுகத்தினின்று அவிழ்ப்பின் அது தங்கல். ஓமரின் ஒதீசி நான்காம் படலத்தில், மெனெலாவின் மனைவாயிலில் வந்து நின்ற விருந்தினரின் குதிரைகளை அவிழ்ப்பதா என்று ஏவலன் வினவுமிடத்து நிற்பதும் இவ்வினையே.

நிகழ்காலத்தில் கத்தலூஓ; எதிர்காலத்தில் கத்தலூசோ; இறந்தகாலத்தில் கத்தெலூசா. தமிழ் காலங்காட்டும் இடைநிலையைப் பகுதிக்குப் பின் வைக்கும். கிரேக்கமோ, ‘எ’ என்னும் இறப்புக் குறியை முன்னொட்டுக்கும் வேருக்கும் நடுவே செருகும். ‘கத்தலூசை’ என்பது நம் ‘செய’ என்னும் எச்சம் போன்றது. திருச்சட்டத்தை ‘அழிக்க’ வந்திலேன் என இயேசு கூறுமிடத்தும் (மத்தேயு 5:17), சக்கேயுவின் வீட்டில் அவர் ‘தங்க’ச் சென்றார் என மக்கள் முணுமுணுக்குமிடத்தும் (இலூக்கா 19:7) வருவது எழுத்தும் மாறாத இவ்வொரே சொல். இடமே பொருளைப் பிரிக்கும்.

இவ்வினையடியாகப் பிறந்த பெயர் ‘கத்தலூமா’. இயேசு பிறந்தபோது இடமில்லாதிருந்தது அங்கேதான் (இலூக்கா 2:7). அவர் இறுதி இராவுணவு கொண்ட மாடியறைக்கும் அதுவே பெயர் (22:11). காசு பெற்றுக் காக்கும் வழிப்போக்கர் மனைக்கோ அவ்வாசிரியர் வேறு சொல் வைத்தார்: ‘பந்தொக்கேயொன்’, எல்லாரையும் ஏற்குமிடம் (10:34).

அவர் பிரித்து வைத்த இரண்டையும், தமிழ்நாட்டில் பெருவழக்காயுள்ள பழைய மொழிபெயர்ப்பு ‘சத்திரம்’ என்னும் ஒரு வடசொல்லுள் அடைத்துவிட்டது. தமிழிற் சொல் இல்லையோ? ‘விடு’ என்பது கட்டவிழ்த்தல். அதனடியாகப் பிறந்ததே ‘விடுதி’. படை இறங்குமிடம் ‘படைவீடு’ ஆனதும் அவ்வழியே. கிரேக்கன் எண்ணியவாறே தமிழனும் எண்ணியிருக்கின்றான்.

இதுகொண்டு கிரேக்கம் தமிழினின்று பிறந்ததெனத் துள்ளற்க. ‘விடு’ வேறு, ‘லூ’ வேறு; ஒத்தது எண்ணமேயன்றி வேரன்று. பொய்யுறவு நாட்டுவது மொழிக்குப் பெருமையன்று. எண்ணமும் ஒத்துச் சொல்லும் கையிலிருக்க, இரவல் வாங்கியதே இழுக்கு.

1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு முன்னதற்கு ‘விடுதி’ என்றும் பின்னதற்குச் ‘சாவடி’ என்றும் பிரித்து வைத்தது. தமிழ்ச்சொல்லைத் தேடியபோது மூலத்தின் பொருளும் உடன் மீண்டது. மொழிபெயர்ப்போர் நெஞ்சிற் கொள்ளத்தக்கது இதுவே.