ஏசுவதற்கு ஓர் ஆள்

கோர்ட்டு, முனிசிபல் விவகாரம் என்றாலே கதை படிக்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும் என்று பத்திரிகாசிரியர்கள் நினைக்கிறார்கள். என் அபிப்பிராயம் அதுவல்ல. சூது, ஆசை, பொறாமை, பழைய பகை, புதிய சிநேகம் என்று ஒரு நாவலுக்கு வேண்டிய சரக்கு முழுவதும் ஏதாவதொரு பேரூராட்சியின் மினிட் புத்தகத்தில் கிடைக்கும். ஆனால் 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை தமிழ்நாட்டில் எந்தப் பேரூராட்சியிலும் மெம்பர்கள் சண்டை போட்டதாக ஒரு வரிகூட இராது. ஜனங்கள் திடீரென்று சாதுக்களாகிவிட்டார்களோ என்று சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். சண்டை போட மெம்பர்களே இல்லை. உப்பு விளைகிற மரக்காணமும் அப்படி ஐந்து வருஷத்துக்கு மேல் மௌனமாக இருந்த ஊர்களில் ஒன்று.

நடந்தது இதுதான். 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களின் ஆயுள் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே தேர்தல் என்று அறிவிப்பும் வந்தது. பழங்குடியினருக்கு முறைப்படி இடம் ஒதுக்கவில்லை என்று ஒரு வழக்கு. அறிவிப்பை ஹைக்கோர்ட்டு ரத்து செய்தது. டிசம்பர் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்கச் சொன்னது. அப்புறம் அப்பீல், வார்டு எல்லை வரையறை, மாவட்டப் பிரிவினை, சுப்ரீம் கோர்ட்டு, கொரோனா. எதிர்க்கட்சியாக இருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். ஆளும் கட்சியாக இருந்தவர்கள் அவசரப்படவில்லை. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களின் கிராமங்கள் வோட்டுப் போட்டன. விழுப்புரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் பிரிவினைக் கணக்கில் மாட்டிக்கொண்டன. அவற்றின் கிராமங்களுக்கு 2021 அக்டோபரில்தான் விமோசனம். மரக்காணம் போன்ற பேரூராட்சிகள் 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிவரை காத்திருந்தன.

வழக்கின் காரணம் அற்பமானது என்று நான் சொல்லவரவில்லை. இந்தக் கடற்கரையோரத்திலும் இருளர் குடிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்டது நியாயமே. ஆனால் அந்த ஒரு நாற்காலிக்காகத் தொடங்கிய விவகாரத்தில் எல்லா நாற்காலிகளையும் கவிழ்த்துப் போட்டு ஐந்து வருஷம் அறையைப் பூட்டி வைத்தார்களே, அதில் இருளருக்கு என்ன கிடைத்தது?

அரசியல் சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 1993-இல் அமலுக்கு வந்த திருத்தம், மன்றத்தின் ஐந்தாண்டு முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. சௌகரியப்பட்டால் என்றோ, வக்கீல்களுக்கு ஒழிந்தால் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்பதைக் காட்டி மத்திய நிதிக்குழுவின் மானியத்தில் ஒரு பகுதியும் நிறுத்தி வைக்கப்பட்டது. மன்றத்தை இழந்தவர்களுக்கு, மன்றத்தை இழந்ததற்காக அபராதம்!

மன்றம் போன இடத்தில் தனி அலுவலர் வந்தார். மரக்காணம் ஒன்றியத்தில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட ஊராட்சிகள். அத்தனைக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரே தலைவர், உறுப்பினர், கோரம் எல்லாம். அவர் கெட்டவர் என்று யார் சொன்னது? எத்தனையோ பேர் யோக்கியர்கள், உழைப்பாளிகள். 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே இதே கரையைக் கடந்தபோது, அதிகாரிகள் கண் விழித்துக் குப்பத்து ஜனங்களை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அதைப் பாராட்டாமலிருப்பது பாவம். ஆனால் எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் ஏறும், எந்தக் குடிசைக் கிழவி ஆட்டுக்குட்டியை விட்டு வரமாட்டாள் என்பதெல்லாம் கச்சேரி ரிக்கார்டில் இருக்கிற விஷயமா?

உப்பளத்துக்கு இது இன்னும் பொருந்தும். பாத்தியில் நீரைத் தேக்கி, வெயிலில் காயவிட்டு, வெறுங்காலோடு உப்பை வாருகிறார்கள். வெயில் உள்ளவரைதான் கூலி. ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்தியெல்லாம் குளம். கையில் காசில்லாத அந்த மாதங்களில்தான் தெருவில் தண்ணீர் நிற்கிறது, குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது, யாரையாவது போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கரையோரத்து ஊர் ஒன்றில், பெயர் வேண்டாம், உப்பளத்துக்குப் போகிற ஓர் அம்மாள் என்னிடம் சொன்னாள்: "யாரைப் போய்க் கேக்கறது ஐயா? முன்னே மெம்பர் வீட்டு வாசல்லே நின்னு நாலு வார்த்தை நல்லா ஏசிட்டு வருவேன். வெளக்கு எரியுதோ இல்லியோ, மனசு ஆறும். இப்போ ஏசறதுக்குக்கூட ஆள் இல்லே."

ஜனநாயகத்தைப் பற்றி நான் படித்த புஸ்தகங்கள் எதிலும் இவ்வளவு சுருக்கமான விளக்கம் இல்லை.

கொரோனா காலத்தில், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. வரி ரசீது எழுதுகிறவர் வீட்டில் உட்கார்ந்து எழுதினால் எனக்கு ஆட்சேபமில்லை. சாக்கடை அள்ளுகிறவருக்கும் குடிதண்ணீர் திறந்து விடுகிறவருக்கும் அந்தச் சலுகை கிடையாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு உத்தரவு போட்டபோதே அவர்களுக்கு விலக்கு என்று எழுதிவிட்டார்கள். விலக்கு என்றால், வெளியே போய் வேலை செய் என்று அர்த்தம்! இந்த விவாதத்தில் ஒருவரையும் யாரும் நினைக்கவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டியவர், அதற்காகவே தேர்ந்தெடுக்கப்படுகிறவர், வார்டு மெம்பர். அவர் வீடுதான் ஆபீஸ், திண்ணைதான் கச்சேரி. அந்த வீடு நம் தெருவிலேயே இருக்கிறது. தனி அலுவலருக்கு ஆபீஸ் உண்டு. நம் தெருவில் வீடு இல்லை. மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். மெம்பர் எங்கே போவார்? நாளைக் காலையில் அதே டீக்கடைக்குத்தான் வந்தாக வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி நாம் பெருமை பேசாத மேடை இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல், குடவோலையில் பெயர் போட, சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும் என்கிறது. அது பிராமணர் சபை, நிலம் உள்ளவர் சபை. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனாலும், ஊரில் குடியிருப்பவனே ஊர்க் காரியம் பார்க்க வேண்டும் என்பது மட்டும் பத்தாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருக்கிறது.

"மெம்பர்கள் திருடுகிறார்கள் சார், அதிகாரியே தேவலை" என்று படித்த நண்பர்கள் சொல்கிறார்கள். ஊழல் என்று காரணம் காட்டித்தான் 1973-இல் சென்னை மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள். மறுபடி மன்றம் கூடியது 1996-இல். இருபத்துமூன்று வருஷம் மெம்பர்கள் இல்லாமல் இருந்த அந்த நகரத்தில் லஞ்சம் ஒழிந்துவிட்டதா என்று அங்கே வீடு கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். திருடுகிற மெம்பரை ஐந்து வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பலாம். தனி அலுவலரை அனுப்ப என் வோட்டுக்குச் சக்தியில்லை.

இது பழங்கதையாகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2019-இல் வோட்டுப் போட்ட 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள்தாம் வந்தார்கள். 2022-இல் பதவியேற்ற பேரூராட்சி மன்றங்களுக்குக் கெடு 2027 மார்ச். வார்டு எல்லையும் இட ஒதுக்கீட்டுப் பட்டியலும் கடைசி மாதம்வரை பீரோவுக்குள் இருக்கக் கூடாது. கெடுவுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே அவற்றை ஊர்ச் சாவடியில் ஒட்டட்டும். வழக்குப் போட ஆசையுள்ளவர்கள் அன்றைக்கே போடட்டும். ஆறு மாதத்தில் தீர்ப்பும் வரட்டும். தேர்தல் தேதி மட்டும் அசையக் கூடாது.