மின்னல் சதுரங்கம்: வேகமா, விவேகமா?

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

சதுரங்கம் நம் மண்ணுக்குப் புதியதன்று. நீடாமங்கலத்தை அடுத்த பூவனூரில் இறைவனுக்கே சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். அரசன் மகளோடு சதுரங்கம் ஆடி வென்று, அவளை மணந்தார் என்பது அத்தலத்தின் புராணம். அன்று அரண்மனையிலும் திண்ணையிலும் ஆடப்பட்ட ஆட்டம் இன்று கைபேசித் திரைக்கு வந்துவிட்டது. நாள் முழுதும் நீண்ட ஆட்டம் இன்று மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இம்மாற்றம் வளர்ச்சியா, தளர்ச்சியா? இக்கேள்வி நம் விடுதியிலும் வகுப்பிலும் அடிக்கடி எழுகிறது. இதுபற்றி என் கருத்தை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் நண்பர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

நான் பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள மீனவக் குப்பம் ஒன்றிலிருந்து இக்கல்லூரிக்கு வருபவன். முகத்துவாரம் தூர்ந்து படகு கடலுக்குள் போக முடியாத நாட்களிலும், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதால் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும் நாட்களிலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படகின் நிழலில் அமர்ந்து கைபேசியில் சதுரங்கம் ஆடுகிறார்கள். எதிரில் ஆடுபவன் பிரேசிலில் இருப்பான், போலந்தில் இருப்பான். பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. மூன்று நிமிடத்தில் ஓர் ஆட்டம், உடனே அடுத்தது. பெற்றோருக்கோ அச்சம். பணம் வைத்து ஆடும் ரம்மியால் கடன்பட்டுக் கெட்ட குடும்பங்களைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். திரையில் எது சூது, எது சதுரங்கம் என்று அவர்களுக்கு எப்படி விளங்கும்? “எல்லாம் ஒண்ணுதான், போனை வை” என்கிறார்கள். பிள்ளைகளோ, “பிரக்ஞானந்தாவும் இப்படித்தானே ஜெயிச்சான்?” என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

பிரக்ஞானந்தா உண்மையிலேயே இப்படித்தான் வென்றாரா? இதை ஆராய்ந்தால் இரு தரப்பினருக்கும் விடை கிடைக்கும் என்பது என் துணிபு.

வேகத்தின் வகைகள்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிப்படி ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேலும் அறுபது நிமிடத்துக்குள்ளும் நேரம் தரப்பட்டால் அது விரைவு ஆட்டம். பத்து நிமிடமோ அதற்குக் குறைவோ ஆனால் மின்னல் ஆட்டம். இணையத்தில் ஓரிரு நிமிட ஆட்டமும் உண்டு. அதைத் தோட்டா ஆட்டம் எனலாம். எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் பின்னிரண்டு வகைகளே. பிரக்ஞானந்தா உலகப் புகழ் பெற்ற இணைய ஆட்டமோ முதல் வகையைச் சேர்ந்தது. அதில் ஒருவருக்குப் பதினைந்து நிமிடமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாகப் பத்து வினாடியும் உண்டு. இந்த வேறுபாட்டை நம்மவர் பலர் கவனிப்பதில்லை.

அவருடைய ஆட்டப்போக்கு

பிரக்ஞானந்தா சென்னையில் 2005 ஆகஸ்டு 10 அன்று பிறந்தவர். 2018-இல் தம் பன்னிரண்டாம் வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனவர். 2022 பிப்ரவரியில் ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் என்னும் இணையப் போட்டியில், அப்போது உலக வாகையராய் இருந்த மாக்னஸ் கார்ல்சனைக் கறுப்புக் காய்களோடு ஆடி 39 நகர்த்தல்களில் வென்றார். அன்று அவருக்கு வயது 16. நாடே வியந்தது. ஆனால் பலர் மறந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. அவ்வாட்டத்துக்கு முன் அதே போட்டியில் அவர் வென்ற ஆட்டங்களைவிடத் தோற்றவையே அதிகம். தோல்விகளின் சுமையோடு அமர்ந்து உலக வாகையரை வென்றார் என்பதே அவ்வெற்றியின் பெருமை.

அவருடைய ஆட்டத்தில் ஆரவாரம் குறைவு. எடுத்த எடுப்பில் அரசன்மேல் பாய்வதும், காய்களைப் பலியிட்டுக் கைதட்டல் வாங்குவதும் அவர் வழியன்று. காய்களை நல்ல இடங்களில் நிறுத்துவார். சிறு சாதகத்தைச் சேர்ப்பார். எதிரி தவறும்வரை அழுத்திக்கொண்டே இருப்பார். வள்ளுவர் காலமறிதல் என்னும் அதிகாரத்தில் கொக்கை உவமையாகக் காட்டுகிறார். ஒடுங்கியிருக்க வேண்டிய காலத்தில் கொக்குப்போல் ஒடுங்கியிருந்து, நேரம் வாய்த்ததும் அதன் குத்தைப் போலத் தப்பாமல் முடிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பழவேற்காட்டு ஏரியின் ஓரத்தில் நின்று பார்த்தவருக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. 2022 மே மாதம் செசபிள் மாஸ்டர்ஸ் இணையப் போட்டியில் இதுவே நடந்தது. சமநிலையில் முடிய வேண்டிய ஆட்டத்தில், 40-ஆம் நகர்த்தலில் கார்ல்சன் தம் குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்தார். பிரக்ஞானந்தா அதை அக்கணமே கண்டார், ஆட்டம் முடிந்தது.

“அது கார்ல்சன் செய்த பிழைதானே?” என்று கேட்பவர் உண்டு. பிழை எல்லாரும் செய்வர். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்பிழையைக் காணும் கண் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

வலிமைகள்

அவருடைய முதல் வலிமை தளராமை. 2023-இல் பாகூவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் நகமுராவையும் கருவானாவையும் சமன்முறி விரைவு ஆட்டங்களில் வீழ்த்தினார். நம் நாட்டு அர்ஜுன் எரிகைசியை மின்னல் ஆட்டம்வரை சென்று வென்றார். 2025 பிப்ரவரியில் நெதர்லாந்தின் வெய்க் ஆன் சே நகரில் அவரும் உலக வாகையர் குகேஷும் சமமாக முடித்தபோது, முதல் மின்னல் ஆட்டத்தில் பிரக்ஞானந்தா தோற்றார். அடுத்ததை வென்றார், முடிவு காணும் மூன்றாவதையும் வென்று கோப்பையை ஏந்தினார். தோற்ற ஆட்டத்தை மனத்திலிருந்து இறக்கி வைக்கத் தெரிந்தவரால் மட்டுமே இது இயலும்.

இரண்டாம் வலிமை அஞ்சாமை. 2022 ஆகஸ்டில் மயாமியில் கார்ல்சனை அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் வென்றார். அவற்றுள் இரண்டு மின்னல் ஆட்டங்கள். எதிரில் இருப்பவரின் பெயரைப் பார்த்து அவர் கை நடுங்குவதில்லை.

மூன்றாம் வலிமையே நாம் கருத வேண்டியது. அது கண்ணுக்குத் தெரியாத உழைப்பு. பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷிடம் ஆண்டுக்கணக்கில் கடினமான நிலைகளைக் காயைத் தொடாமல் மனத்திலேயே கணக்கிட்டுப் பழகியவர் அவர். ஒல்லாந்து நாட்டு உளவியலறிஞர் தெ குரூட் என்பவரும், பின்னர் 1973-இல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்னும் இருவரும் இத்துறையில் ஆய்வு செய்தனர். உண்மை ஆட்டமொன்றின் காய்நிலையைச் சில வினாடிகள் மட்டும் காட்டி மறைத்தால், வல்லவர் அதை ஏறத்தாழ முழுமையாக நினைவிலிருந்து அடுக்கிவிடுகிறார், புதியவரால் முடிவதில்லை. ஆனால் காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் வல்லவருடைய மேன்மை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அவருக்குப் பிறவியிலேயே பெரிய நினைவாற்றல் அமைந்துவிடவில்லை என்பது இதனால் புலனாகும். பலகாலம் ஊன்றிக் கற்ற நிலைகளை அவர் அடையாளம் கண்டுகொள்கிறார், அவ்வளவே.

இதை எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு விளக்குவது எளிது. ஏரியில் எங்களுக்குப் பாடு என்னும் முறை உண்டு. மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுப்போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறோம். தன் முறை வரும் நாளில் அனுபவசாலி நீரைப் பார்த்த மாத்திரத்தில் வலையை எங்கே இறக்கலாம் என்று சொல்லிவிடுவார். அதற்கு அவருக்கு ஆகும் நேரம் ஒரு நொடி. ஆனால் அந்த நொடிக்குப் பின்னே முப்பது ஆண்டுகள் இருக்கின்றன. மின்னல் சதுரங்கமும் அப்படித்தான்.

திருத்த வேண்டியவை

புகழ்ந்துகொண்டே போவது மதிப்பீடாகாது. பிரக்ஞானந்தாவின் விரைவு ஆட்டத்தில் குறைகளும் உண்டு. முதலாவது கடிகாரம். நடு ஆட்டத்தில் சிறந்த நகர்த்தலைத் தேடி நீண்ட நேரத்தைச் செலவிட்டு, கடைசியில் வினாடிகளை எண்ண வேண்டிய நிலைக்கு ஆளாகிறார். பாகூ இறுதிப் போட்டியில் இரண்டு நிதான ஆட்டங்களிலும் கார்ல்சனைச் சமன் செய்தவர், முதல் விரைவு ஆட்டத்தில் நேர நெருக்கடியில் சிக்கித் தோற்றார், கோப்பை கைநழுவியது. விரைவு ஆட்டத்தில் மிகச் சிறந்ததைத் தேடுவதைவிட, போதுமான நல்லதை உரிய நேரத்தில் செய்வதே அறிவுடைமை. கார்ல்சனிடமிருந்து அவர் இன்னும் பெற வேண்டியது இதுவே என்பேன்.

இரண்டாவது, ஒரே சீராக ஆடாமை. கார்ல்சனை வென்ற அந்த 2022 பிப்ரவரிப் போட்டியிலேயே அவர் முதல் எட்டுப் பேருள் வரவில்லை. மே மாதப் போட்டியில் இறுதிவரை சென்று, முதல் நாள் தோற்று, இரண்டாம் நாள் வென்று, பின்னர் மின்னல் ஆட்டத்தில் சீனத்து டிங் லிரெனிடம் வீழ்ந்தார். அந்நாட்களில் அவருக்குப் பதினோராம் வகுப்புத் தேர்வும் நடந்துகொண்டிருந்தது. நள்ளிரவு தாண்டி ஆடிவிட்டுக் காலையில் பள்ளிக்குச் செல்ல வேண்டியிருந்தது. இதனை நினைத்தால் குறை கூறவும் மனம் வராது. எனினும் 2025-இல் கூட அவருடைய நிதான ஆட்டத் தர எண்ணே விரைவு, மின்னல் தர எண்களைவிட உயர்ந்து நின்றது. வேகம் அவருக்கு இயல்பாக வந்ததன்று. நிதானத்தின் மேல் கட்டியது.

மற்றவரை நோக்கினாலும் இவ்வுண்மை விளங்கும். குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக வாகையர் பட்டம் வென்றது நிதான ஆட்டத்தில். 2025 ஜூலையில் சாகிரெப் நகரில் விரைவுப் பிரிவில் முதலிடம் பெற்ற அவரே, தொடர்ந்து வந்த மின்னல் பிரிவில் சறுக்கி மொத்தத்தில் மூன்றாமிடம் பெற்றார். இதற்கு மறுமுனையில் நிற்பவர் விசுவநாதன் ஆனந்த். சென்னை டால் சதுரங்கக் கழகத்தில் மின்னல் ஆட்டம் ஆடியே வளர்ந்தவர்; சிறுவயதில் முழு ஆட்டத்தையும் சில நிமிடங்களில் முடித்துவிடுவார். ஆனால் அவரும் அவசரத்தை அடக்கக் கற்ற பின்னரே உலக வாகையர் ஆனார். அவ்வாறு அடங்கிய வேகமும் அழிந்துவிடவில்லை. 2017-இல் தம் 48-ஆம் வயதில் உலக விரைவுச் சதுரங்கப் பட்டத்தை வென்றார்.

நம் கரையில் செய்ய வேண்டியது

இனி எங்கள் பிள்ளைகளிடம் வருகிறேன். கைபேசியில் நாளொன்றுக்கு ஐம்பது ஆட்டம் ஆடுகிறவன் ஐம்பது முறை பழகுகிறான் என்று எண்ணுகிறான். தோற்ற ஆட்டம் ஒன்றையேனும் அவன் திரும்பிப் பார்ப்பதில்லையெனில், ஒரே தவற்றை ஐம்பது முறை பழகுகிறான் என்பதே உண்மை. திரையில் ஏறி இறங்கும் தர எண்ணை அவன் வலையில் விழுந்த மீன்போல் எண்ணி மகிழ்கிறான். அது சோற்றுக்கும் ஆகாது, கல்விக்கும் ஆகாது. இதைச் சொல்லும்போதே பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சதுரங்கம் சூதன்று. அதில் சீட்டின் அதிருஷ்டம் இல்லை. எதிரியிடம் மறைத்து வைக்கக்கூடிய காய் ஒன்றும் இல்லை. கைபேசியைப் பிடுங்கி எறிவதால் பிள்ளை திருந்தமாட்டான். அதற்குப் பதிலாக அவன் முன் ஒரு பலகையை வையுங்கள்.

பலகை வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குப்பத்து வீடுகளில் கைபேசி பெரும்பாலும் அண்ணன் தம்பியர் கையில் இருக்கிறது. பெண்பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதோடு சரி. பிரக்ஞானந்தாவின் வீட்டில் முதலில் சதுரங்கம் கற்றவர் அவருடைய அக்கா வைஷாலி. பிள்ளை தொலைக்காட்சியிலேயே மூழ்கிவிடுகிறாளே என்று பெற்றோர் அவரைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தனர். அக்காவைப் பார்த்தே தம்பி கற்றார். அந்த அக்கா 2023-இலும் 2025-இலும் மகளிர் கிராண்ட் சுவிஸ் போட்டியை வென்றார். திரையிலிருந்து மீட்கப் பலகை உதவியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? எங்கள் கரையிலும் ஒரு வைஷாலி, தம்பியின் தோளுக்குப் பின்னால் நின்று வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கக் கூடும் அல்லவா?

2022-இல் இதே கடற்கரையில், தெற்கே மாமல்லபுரத்தில், சதுரங்க ஒலிம்பியாடு நடந்தது. உலகமே வந்து சென்றது. அதன் பயன் பழவேற்காடுவரை வந்து சேர வேண்டுமானால் நாம்தான் கொண்டு சேர்க்க வேண்டும். நம் கல்லூரிக்கு என் வேண்டுகோள்கள் மூன்று. விளையாட்டுத் துறை நான்கு பலகைகளும் இரண்டு கடிகாரங்களும் வாங்கி நூலகத்தை ஒட்டி ஓரிடம் ஒதுக்கித் தரட்டும். வாரம் ஒரு மாலை, ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் வைத்து நிதான ஆட்டம் நடக்கட்டும். நகர்த்தல்களை எழுதி வைத்து, முடிந்ததும் இருவரும் அமர்ந்து ஆராயட்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் அடுத்த முறை ஏரிக்கரைக் குப்பங்களுக்கு வரும்போது ஒரு பலகையையும் உடன் கொண்டு வரட்டும். இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று.

மின்னல் ஆட்டத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பத்து நிதான ஆட்டங்களை ஆராய்ந்தவன் ஒரு மின்னல் ஆட்டம் ஆடட்டும். அப்போது அது தேர்வாகவும் அமையும், இன்பமாகவும் அமையும். பிரக்ஞானந்தாவின் வேகத்தை வியந்து நிற்பதோடு அமையாமல், அவ்வேகத்துக்கு அடியிலுள்ள நிதானத்தை நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான முதல் பலகையை இக்கல்வியாண்டிலேயே விரிப்போம், வாரீர்!