பிக்சல் கூடினால் படம் தெளியுமா?

சி.டி. ஸ்கேன் படத்தைப் பெரிதாக்கினால் இன்னும் நுணுக்கமாகத் தெரியும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். 256-க்கு 256 படத்தைவிட 1024-க்கு 1024 படம் ஒசத்தியாம். சுத்த அபத்தம்! படத்தின் தெளிவு மானிட்டரில் தீர்மானமாவதில்லை. எத்தனை கோணங்களில், எவ்வளவு நெருக்கமாக அளந்தார்கள் என்பதிலேயே அதன் உச்சவரம்பு முடிவாகிவிடுகிறது.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கிரிவலப் பாதையில் எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். ஒவ்வொரு லிங்கத்தருகிலும் நின்று மலையை ஊடுருவும் ஒரு எக்ஸ்ரே எடுப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டுப் படம் கிடைக்குமா? நாலுதான்! கிழக்கே இந்திர லிங்கத்திலிருந்து பாயும் கதிரும் மேற்கே வருண லிங்கத்திலிருந்து பாயும் கதிரும் கடப்பது ஒரே பாறையை. படம் இடவலம் மாறியிருக்கும், அவ்வளவே. இந்த நாலு படத்தை வைத்து மலைக்குள் ஒரு குகை எங்கே இருக்கிறது என்று துல்லியமாக வரைய முடியுமா? எவ்வளவு பெரிய காகிதம் கொடுத்தாலும் முடியாது.

அப்படியென்றால் எத்தனை கோணம் வேண்டும்? 1970-ல் க்ரௌதர், டிரோசியர், க்ளக் மூவரும் சொன்ன கணக்கு இது: பொருளின் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி, வேண்டிய நுணுக்கத்தால் வகுக்க வேண்டும். 25 செ.மீ. தலையில் 1 மி.மீ. நுணுக்கம் வேண்டுமென்றால் சுமார் 785 கோணங்கள். 1971-ல் லண்டனில் முதல் நோயாளியைப் படம் பிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி எடுத்தது 180 கோணங்கள், கோணத்துக்கு 160 அளவுகள், மொத்தம் 28,800. அதை வைத்து அவர் வரைந்தது வெறும் 80-க்கு 80 படம். அளந்ததற்கு மேல் ஆசைப்படவில்லை.

அதே 1971-ல்தான் ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் ஃபூரியர் மாற்றத்தைச் சுற்றிவளைக்காமல், நேரடிக் கூட்டல் பெருக்கலிலேயே படத்தை மீட்கும் வழியை வெளியிட்டார்கள். 1979 நோபல் பரிசு இவர்களுக்குக் கிடைக்கவில்லையே என்று புலம்புகிறவர்களில் எத்தனை பேர் அந்த 'ராம்-லாக்' வடிகட்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்?

உள்ளே இருப்பது இதுதான். ஒவ்வொரு அளவையும் 1/4-ஆல் பெருக்கு. பக்கத்து அளவுகள் இரண்டையும் சுமார் 0.101-ஆல் பெருக்கிக் கழி. இரண்டாவது பக்கத்துக்குப் பூஜ்யம், மூன்றாவதைச் சுமார் 0.011-ஆல் பெருக்கிக் கழி, இப்படியே போகும். கூட்டிப் பார்த்தால் மொத்தம் பூஜ்யம். அதனால்தான் படத்தின் மேல் படியும் மங்கல் நீங்குகிறது. இந்த எண்களெல்லாம் ஒரு முடிவிலிருந்து வந்தவை: அளவுகளின் இடைவெளியைப்போல் இரண்டு மடங்கைவிடச் சின்ன அலைநீளம் எதையும் இந்த அளவுகளால் அறிய முடியாது, ஆகவே அதை அங்கேயே வெட்டு. 'தெரியாததைத் தெரிந்ததுபோல் வரையாதே' என்பதைக் கணிதத்தில் எழுதினால் அது ராம்-லாக்!

உடனே ஒரு ஆட்சேபம் வரும். 2006-ல் கேண்டஸ், ராம்பெர்க், தாவ் மூவரும் குறைந்த அளவுகளிலிருந்தே படத்தை முழுதாக மீட்கலாம் என்று நிரூபித்தார்களே? இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டதே? உண்மைதான். ஆனால் அந்த நிரூபணத்துக்கு நிபந்தனை உண்டு: படம் எளிய அமைப்புடையதாக இருக்க வேண்டும். நிபந்தனை பொருந்தினால் விடை சரி. உடம்புக்குள் முளைக்கும் கட்டி அந்த நிபந்தனையில் கையெழுத்துப் போட்டுவிட்டா முளைக்கிறது? செயற்கை நுண்ணறிவு நிரப்புவதும் பழைய படங்களில் பார்த்துப் பழகியதைத்தான், இந்த நோயாளியிடம் அளந்ததை அல்ல.

இரைச்சலைப் பாதியாக்க நாலு மடங்கு கதிர்வீச்சு வேண்டும். அந்த விலையை நோயாளியின் உடம்பு கொடுக்கிறது. அதனால் ஸ்கேன் படத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை பிக்சல்?' அல்ல. 'இதில் எவ்வளவு அளந்தது, எவ்வளவு ஊகித்தது?'