சந்தாவும் சம்மதமும்

தெல்தோட்டைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், சங்கச் சந்தா முதலியன சம்பளச் சீட்டிலேயே கழிக்கப்பட்டு, எஞ்சியதே தொழிலாளியின் கரத்தை அடைவது தலைமுறைகளாய் நீடிக்கும் வழக்கம்; வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் பணத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் முறை அதன் நூதன வடிவமே என்பது என் அபிப்பிராயம். நிச்சய வருமானமுள்ள உத்தியோகத்தருக்கு அது சௌகரியமாகலாம். கொழுந்து குறைந்து அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்த மாதத்திலும் தேதி தவறாது கணக்கில் கைவைக்கும் ஏற்பாடு, நாட்சம்பளக் குடும்பத்துக்குப் பெரும் அநியாயம்.

ஆகவே மாதந்தோறும் பணம் வசூலிக்கும் மரணாதார சங்கங்களும் டியூஷன் ஆசிரியர்களும், மத்திய வங்கி 2018இல் விதிமுறை வகுத்த லங்கா கியூஆர் அட்டையையே மேசைமீது வைக்கட்டும். அதைக் கைபேசியால் வருடிச் செலுத்துபவர், பெறுபவரின் பெயரைப் பார்த்து, தொகையைத் தாமே தட்டி, சம்மதித்த பின்னரே பணம் நகர்கிறது. வசூல் தாமதமாகுமெனில், நினைவூட்டும் சிரமத்தைக் காரியதரிசி ஏற்கட்டும்.