வடுப்பட்ட ஆப்பிளுக்கு ஓர் அடுப்பு

ஆப்பிள் கிரம்பிள் அழகான பழத்துக்காகப் பிறந்த பண்டம் அன்று. மரத்தடியில் விழுந்து அடிபட்டது, பறவை கொத்தியது, புளிப்பு மாறாதது, கூடையின் அடியில் கிடந்து தோல் சுருங்கியது என்று எந்தப் பழத்தையும் எறிய மனம் வராத வீடுகளில் உருவான பண்டம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் வழக்கில் இருந்த ‘பிரவுன் பெட்டி’ இதற்கு மூத்த உறவு. பழைய ரொட்டியின் துணுக்குகளையும் நறுக்கிய ஆப்பிளையும் அடுக்கடுக்காக வைத்துச் சுட்டெடுப்பது அதன் முறை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டனில் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டில் மட்டுமே கிடைத்தன. அப்போது ‘பை’ என்னும் பண்டத்துக்குரிய கனத்த மேலோடு ஆடம்பரமாகிவிட்டது. கொஞ்சம் கொழுப்பைக் கொண்டு உதிர்த்த மாவைப் பழத்தின்மீது தூவிச் சுடும் கிரம்பிள், வீட்டுக்கு வீடு இடம் பிடித்தது.

இன்று இந்திய நகரங்களில் இதே பண்டத்தை வீட்டில் செய்ய விரும்புவோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் கடையில் மிகச் சிவந்த, மெழுகின் பளபளப்பு கொண்ட, ஒரு புள்ளியும் இல்லாத பழத்தைத் தேடி எடுக்கிறார்கள். பின்னர் அதன் தோலைச் சீவி எறிந்துவிட்டு, சிறு துண்டுகளாக நறுக்கி, மாவுக்கடியில் மறைத்துவிடுகிறார்கள். எந்த அழகுக்காக இரு மடங்கு விலை கொடுக்கப்பட்டதோ, அந்த அழகு குப்பைக் கூடைக்குப் போகிறது. இது தனியொரு வீட்டின் விரயமாக மட்டும் முடிவதில்லை. இமாசலத்திலும் காஷ்மீரிலும் ஆப்பிள் பயிரிடுவோரின் வருவாயோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு.

அத்தொடர்பை அறிய, இம்மலைகளுக்கு ஆப்பிள் வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். 1870ஆம் ஆண்டு வாக்கில் குலு பள்ளத்தாக்கின் பந்த்ரோலில் கேப்டன் லீ என்னும் ஆங்கிலேயர் தோட்டம் அமைத்தார். அக்காலத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்த பிப்பின் முதலிய வகைகள் பெரும்பாலும் புளிப்பேறியவை. சுடுவதற்கும் வேகவைப்பதற்கும் அவை ஏற்றவை. ஆனால் பழம் என்றால் இனிப்பு என்று கொண்டிருந்த உள்ளூர் நாவுக்கு அவை ஒத்துவரவில்லை. பிலடெல்பியாவிலிருந்து 1904இல் இந்தியா வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ், சிம்லா மலையின் கோட்கட் பகுதியில் குடியேறி, 1916இல் அமெரிக்காவின் ஸ்டார்க் நாற்றுப்பண்ணையிலிருந்து ‘டெலிஷியஸ்’ வகையை வரவழைத்து நட்டார். அந்தப் பழம் சிவப்பு, இனிப்பு, தொலைதூரம் தாங்கும் உறுதி ஆகிய மூன்றையும் ஒருங்கே கொண்டிருந்தது. கட்டாய உழைப்பை எதிர்த்துப் போராடியவரும், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவரும், பின்னாளில் சத்யானந்த ஸ்டோக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டவருமான அவர், தம் அண்டை விவசாயிகளுக்கும் அக்கன்றுகளைக் கொடுத்தார். வறுமையில் கிடந்த மலைக்கிராமங்கள் தலைநிமிர்ந்ததில் அந்தச் சிவப்புப் பழத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதை யாரும் மறுக்க இயலாது.

ஆயினும் அவ்வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. புளிப்பு வகைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டபோது, ஆப்பிளைச் சமைக்கலாம் என்னும் எண்ணமும் அவற்றோடு பின்தங்கியது. மலைவாழிடங்களின் உறைவிடப் பள்ளிகளும் பழைய விடுதிகளும் சில கிறித்தவ இல்லங்களும் மட்டுமே அந்த எண்ணத்தைக் காத்துவந்தன. மற்ற இந்தியாவுக்கு ஆப்பிள் என்பது நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது கையில் எடுத்துச் செல்லும் பழம், பூசைத் தட்டில் வைக்கும் பழம், குழந்தைக்கு நறுக்கிக் கொடுக்கும் பழம். இம்மூன்றுக்கும் தோற்றமே முதன்மை. வடு உள்ள பழத்தை நோயாளிக்கு யார் கொண்டுசெல்வார்?

மாம்பழத்தோடு ஒப்பிட்டால் இதன் முழுப் பொருளும் விளங்கும். மாமரத்திலிருந்து விழும் எதுவும் இந்தியச் சமையலறைக்கு வீண் அன்று. பிஞ்சு உதிர்ந்தால் மாவடு. காய் உதிர்ந்தால் ஊறுகாய், பச்சடி. வடக்கே ஆம்சூர்ப் பொடி, கோடைக்குரிய பன்னா. மிகக் கனிந்தால் சாறு பிழிந்து உலர்த்திய மாந்திரை. கோடைக்காற்றில் காய் உதிர்ந்தால் மாந்தோப்புக்காரருக்கு நட்டம் உண்டு; ஆனால் உதிர்ந்த காய்க்கும் ஒரு பெயர் உண்டு, ஒரு வாங்குவோர் உண்டு, ஒரு விலை உண்டு. பல நூற்றாண்டுகளாகச் சமையலறை மாங்காய்க்கு அளித்துவந்த இரண்டாவது விலை அது. ஆப்பிளுக்கு அந்த இரண்டாவது விலை இல்லை. மேசைக்குத் தகுதி பெறாத ஆப்பிளை இந்தியச் சந்தை ஒரே சொல்லால் குறிக்கிறது: கழிவு.

அக்கழிவு எப்படி உண்டாகிறது? ஆலங்கட்டி மழை பொழிந்த ஒரு பிற்பகல் போதும். தோலில் குழிகள் விழுந்துவிடும். கிளையில் உரசிய பழத்தில் பழுப்புத் தழும்பு தோன்றும். இலைமறைவில் வளர்ந்த பழம் நிறம் ஏறாமல் நிற்கும். இவற்றுள் எதுவும் சதையின் சுவையைப் பெரிதாகக் குறைப்பதில்லை. எனினும் தரம் பிரிக்கும் கொட்டகையில் இவை கடைசிக் குவியலுக்குத் தள்ளப்படுகின்றன. நிறத்துக்கென்றே எதிபான் தெளிக்கும் வழக்கம் தோட்டங்களில் நுழைந்ததற்கும், கூடுதலாகச் சிவக்கும் வகைகளைத் தேடிச் செல்லும் போட்டிக்கும், வாங்குவோரின் கண்ணே காரணம்.

கடைசிக் குவியலை அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் வாங்குகிறது. இமாசலத்தில் 2023ஆம் ஆண்டுப் பருவத்துக்கு அறிவிக்கப்பட்ட விலை கிலோவுக்கு 12 ரூபாய். அப்பழங்களின் ஒரு பகுதி சாறாகவும் அடர்சாறாகவும் மாற்றப்படுகிறது. அந்த ஆண்டின் பெருமழையில் மலைச்சாலைகள் துண்டிக்கப்பட்டபோது, நல்ல பழமும்கூடத் தோட்டத்திலேயே தேங்கியது. ஆதரவு விலை என்பது இம்மலைகளில் வெறும் எண் அன்று. 1990 ஜூலையில் அதற்காகப் போராடிய ஆப்பிள் விவசாயிகள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் மூவர் உயிரிழந்தனர். அது நிகழ்ந்த இடம், ஸ்டோக்ஸ் முதல் கன்றுகளை நட்ட அதே கோட்கட்.

ஒரு கிரம்பிளுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ஆப்பிளும் 100 கிராம் வெண்ணெயும் தேவை. அந்த வெண்ணெயின் கடைவிலை, வடுப்பட்ட ஒரு கிலோ பழத்துக்கு விவசாயி பெறும் 12 ரூபாயைப் போலப் பல மடங்கு. பண்டத்தின் பெயரில் இருப்பது ஆப்பிள். அதன் செலவில் மிகச் சிறிய பங்கு பெறுவதும் ஆப்பிள்தான்.

வடுப்பட்ட பழத்தைக் கொண்டு இப்பண்டத்தைச் செய்வது எளிது. ஆறு பேருக்கு ஒரு கிலோ பழம் போதும். தோல் சீவி, விதைப்பகுதியை நீக்கி, விரற்கடை அளவுத் துண்டுகளாக நறுக்கி, ஓர் எலுமிச்சையின் சாற்றைப் பிழிந்து கலக்க வேண்டும். சாறு, துண்டுகள் கறுப்பதைத் தடுக்கும்; டெலிஷியஸ் வகையில் இல்லாத புளிப்பையும் ஈடுசெய்யும். இரண்டு மேசைக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டிப் பட்டைப் பொடி, இரண்டு கிராம்பின் பொடி ஆகியவற்றைச் சேர்த்துப் பாத்திரத்தில் பரப்ப வேண்டும். 180 கிராம் கோதுமை மாவோ மைதாவோ எடுத்து, குளிர்ந்த வெண்ணெய் 100 கிராமை அதில் இட்டு, விரல்நுனிகளால் தேய்த்தால் மாவு ரவைபோல் உதிரும். உள்ளங்கை படக்கூடாது, அதன் சூட்டில் வெண்ணெய் உருகினால் மாவு களியாகிவிடும். 80 கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, அழுத்தாமல் பழத்தின்மீது தூவி, 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 40 முதல் 45 நிமிடம் சுட வேண்டும். ஓரங்களில் பழச்சாறு கொதித்து மேலெழுந்து, மேற்பரப்பு பொன்னிறமானால் பண்டம் ஆயிற்று.

ஓவன் இல்லாத வீடும் இதை இழக்க வேண்டியதில்லை. அடிகனமான பாத்திரத்தில் பழத்தை மூடி, சிறுதீயில் மென்மையாகும்வரை வேகவிடலாம். உதிர்த்த மாவை வாணலியில் சிறுதீயில் கிளறிக்கொண்டே, பச்சை வாசம் நீங்கிச் சிவக்கும்வரை வறுத்து, பரிமாறும்போது மேலே தூவலாம். வறுத்த மாவின் மணம் இந்திய மூக்குக்குப் புதியதும் அன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வடு வேறு, அழுகல் வேறு. ஆலங்கட்டிக் குழியும் தழும்பும் அடிபட்ட சிறு பழுப்பும் வெட்டி நீக்கத்தக்கவை. பூஞ்சை படர்ந்து கொழகொழத்த பழத்தில் பாட்டுலின் என்னும் நச்சு உருவாகக்கூடும். வேகவைத்தாலும் அது முற்றிலும் அழிவதில்லை. அத்தகைய பழத்தை முழுவதுமாக ஒதுக்கிவிட வேண்டும். சிக்கனத்தின் பெயரால் உடல்நலத்தைப் பணயம் வைப்பதில் அறம் ஏதும் இல்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, இது ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பண்டம். இதை இந்திய அடுப்பில் ஏற்றுவது காலனிய ஏக்கம் என்பது. ஆனால் ஆப்பிளைச் சமைப்பது இந்தியாவுக்கு அந்நியமானது என்னும் கருத்தே பிழையானது. காஷ்மீரில் புளிப்பு ஆப்பிளையும் கத்தரிக்காயையும் கடுகெண்ணெயில் பொரித்து, சோம்புப் பொடியும் சுக்கும் மிளகாயும் சேர்த்துச் செய்யும் ‘சூந்த் வாங்குன்’ பழைமையான குழம்பு. புளிப்புச் சுவை மிக்க மகாராஜி என்னும் வகையும் அப்பள்ளத்தாக்கில் உண்டு. ஆகவே கிரம்பிளைச் செய்வோர் அந்நிய வழக்கத்துக்கு அடிபணிவதாகக் கொள்ள வேண்டியதில்லை. காஷ்மீரத்துப் பெண்கள் அறிந்திருந்த ஓர் உண்மையை மற்றொரு வழியில் வந்தடைகிறார்கள் என்று கொள்ளலாம். குழம்பு பிடித்தவர் குழம்பு வைக்கட்டும். ஊறுகாய் பிடித்தவர் ஊறுகாய் போடட்டும். அடுப்பேறுவதே முக்கியம்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. நகரத்துச் சில வீடுகள் கிரம்பிள் சுடுவதால் மலைவிவசாயியின் கடன் தீருமா? தீராது. நியாயமான ஆதரவு விலை, காலத்தில் கைக்கு வரும் பணம், குளிர்பதனக் கிடங்கு, மழையைத் தாங்கும் சாலை, இறக்குமதி வரி பற்றிய தெளிவான கொள்கை ஆகிய எவற்றுக்கும் சமையலறை மாற்றாகாது. வாங்குவோரின் நல்லெண்ணத்தைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவவும் இடம் தரலாகாது.

எனினும் சமையலறையால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்று உண்டு: பெயர் சூட்டுதல். பிரிட்டனில் ‘சமையல் ஆப்பிள்’ என்று தனி வகுப்பே இருக்கிறது. பிராம்லி என்னும் அவ்வகைப் பழம் பச்சையாகவும் கோணலாகவும் இருந்தாலும், அடுப்புக்குரியது என்ற காரணத்தால் மதிப்புடன் விற்கப்படுகிறது. இந்தியத் தோட்டங்களிலும் அதற்குரிய மரங்கள் ஏற்கெனவே நிற்கின்றன. டெலிஷியஸ் மரம் தன் இனத்து மகரந்தத்தால் சரிவரக் காய்ப்பதில்லை. எனவே தோட்டங்களில் ஊடுமரமாகக் கோல்டன் டெலிஷியஸ் நடப்படுகிறது. அதன் மஞ்சள் பழம் சுடும்போது உருக்குலையாமல் நிற்கும், மணமும் உண்டு. ஆனால் சிவப்பாக இல்லை என்பதால் சந்தையில் அதற்கு மவுசு குறைவு. மகரந்தத்துக்காக மட்டுமே மதிக்கப்படும் அம்மரத்தின் பழத்தை நகரத்து வீடுகள் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கினால், அது தோட்டத்தின் உபரி என்னும் நிலையிலிருந்து விளைச்சல் என்னும் நிலைக்கு உயரும்.

கூட்டுறவு அமைப்புகளும் நகரத்துப் பழக்கடைகளும் வடுப்பட்ட பழத்தைத் தனிக் கூடையில், ‘சமையல் ஆப்பிள்’ என்ற பெயர்ப்பலகையுடன் வைக்கலாம். வாங்குவோர், புள்ளி இருக்கிறது என்று பழத்தைத் திருப்பி வைப்பதற்கு முன், அதன் தோல் இன்று சீவப்படப் போகிறதா என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். சீவப்படப் போகிறது என்றால், சிவப்புக்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கு வேலையே இல்லை.

மாவடுவைத் தேடி வாங்கும் நாடு இது. உதிர்ந்ததையும் உணவாக்கத் தெரிந்த அதே கைகள் ஆப்பிளிடம் மட்டும் அழகை எதிர்பார்ப்பது, அப்பழத்தை இன்னும் விருந்தாளியாகவே நடத்துவதாகும். அது வந்து நூற்றைம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இனியேனும் அதைக் கூடத்திலிருந்து சமையலறைக்குள் அழைக்க வேண்டும்.